பாதி பின்னிய தலை

தலையைப் பின்னக் கொடுத்துவிட்டு அசையாமல் இருந்த ஒருவரிடம்தான் நான் கணக்குப் படித்தேன் என்று சொன்னால் வேலையிடத்தில் ஒருவரும் நம்புவதில்லை. சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்றைக்கும் சமன்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் கரும்பலகை ஞாபகத்துக்கு வராது. ஒரு பெரிய கண்ணாடி வரும். அதற்குள் ஒரு அக்காவின் முகம், முகத்தைச் சுற்றி நாலைந்து கைகள், கைகளுக்கிடையில் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய கறுப்பு மயிர் இழைகள். கனவில் வருகிற மாதிரி எல்லாம் மெதுவாக நடக்கும். ஆனால் கனவில்லை, லாச்சப்பல் கடைத்தெருவில் ஒவ்வொரு புதன்கிழமையும் மத்தியானம் நடந்தது.

ஊரிலிருந்து அம்மாவும் நானும் பிரெஞ்சு நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா எங்களுக்கு முன்னமே வந்து ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தார். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில், தமிழ்க் கடைகள் முடிகிற இடத்துக்குக் கிட்ட, லிஃப்ற் இல்லாத ஒரு கட்டிடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். நாலாம் மாடியில் மாலி நாட்டுக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டில் என் வயதில் ஒருத்தி இருந்தாள். பெயர் ஐசத்து. எங்கள் வீட்டில் மீன் பொரித்தால் அவள் மேலே வருவாள். அவர்கள் வீட்டில் கச்சான்கடலைக் குழம்பு வைத்தால் நான் கீழே போவேன். பிறகு கொலேஜ் என்கிற நடுப்பள்ளிக்கூடத்திலும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. அவள் ஓயாமல் கதைப்பாள். நான் வாயே திறக்கமாட்டேன். என் பிரெஞ்சைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் முதல் இரண்டு வருடமும் ஊமை மாதிரியே இருந்தேன். ரிப்போர்ட்டில் எனக்கு ‘அமைதியான பிள்ளை’ என்று எழுதினார்கள். அவளுக்கு ‘அளவுக்கு மிஞ்சிக் கதைக்கிறாள்’ என்று எழுதினார்கள். எங்களுக்கு அது பெரிய பகிடியாக இருந்தது, ஏனென்றால் வீட்டில் நான்தான் வாயாடி.

ஐசத்துவின் பெரியம்மாவுக்குப் பெரிய சாலையின் அந்தப் பக்கம் ஒரு தலைமயிர் சலோன் இருந்தது. அவரை எல்லோரும் ‘தாந்தி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்கள் அன்ரி என்கிற மாதிரி. கடை ஒடுக்கமானது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளியே பாலத்தின் மேலால் மெத்ரோ போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி இலேசாக அதிரும். அப்போது உள்ளே இருக்கிற எங்கள் எல்லோருடைய முகமும் ஒரு கணம் கலங்கித் தெளியும். அதைப் பார்க்க எனக்குச் சரியான விருப்பம். மெத்ரோ வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

அந்தச் சலோனில் ஒரு ஏற்பாடு இருந்தது. யார் முதலில் யோசித்ததோ தெரியாது. தாந்தியும் ஐசத்துவின் அம்மாவும் இன்னும் சில தாய்மாரும் கூடி முடிவெடுத்தார்கள் என்றுதான் கேள்வி. மெல்லிய பின்னல்களாகத் தலை முழுக்கப் பின்ன நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். காசும் நிறைய. பல்கலைக்கழகத்தில் படிக்கிற கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதற்கு வசதி இருக்காது. இந்தத் தாய்மாருக்கோ, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. விடியமுதல் எழும்பி ஒபிசுகள் துடைக்கிற வேலை. ஆகவே புதன்கிழமை கொலேஜ் அரை நாளோடு விட்டதும் மாணவிகள் வந்து கதிரையில் இருப்பார்கள். தாந்தியும் தாய்மாரும் இலவசமாகப் பின்னுவார்கள். பின்னி முடியும்வரை அந்த மாணவி, முன்னால் நிற்கிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதோடு விடாது. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் தாயோடு அவரும் கூடப் போகவேண்டும். அதுதான் சட்டம். எந்தத் தாயும் தனியே போய் ஆசிரியருக்கு முன்னால் இருக்கக்கூடாது என்று தாந்தி கையில் சீப்போடு நின்று சொல்லுவார்.

இதிலே என்ன அழகு என்றால், படிப்பிக்கிறவர் எழும்பி ஓட முடியாது. பாதித் தலை பின்னின பிறகு எங்கே போவது? நாங்கள் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் அவர் இருந்தே ஆகவேண்டும். தலையைக் குனிய முடியாதபடியால் ஒரு பிள்ளை கொப்பியை அவர் முகத்துக்கு நேரே பிடிக்கும். தலையாட்டவும் கூடாது, ஆட்டினால் தாந்தி சீப்பால் தோளில் தட்டுவார். ஆகவே விடை சரியா பிழையா என்பதைக் கண்ணில்தான் பார்க்கவேண்டும். சரியென்றால் கண்ணை மூடித் திறப்பார்கள். பிழையென்றால் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்கேலாமல் நானே பிழையைக் கண்டுபிடித்துவிடுவேன்.

என்னை அங்கே ஒருவரும் கூப்பிடவில்லை. ஐசத்துவின் வாலாகப் போனேன். முதல் நாள் தாந்தி என்னைப் பார்த்து, இது யாருடைய பிள்ளை என்று கேட்டார். ஐசத்து யோசிக்காமல், “என்ர” என்றாள். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு பிளாஸ்ரிக் முக்காலி கிடைத்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து என் பின்னலைத் தூக்கிப் பார்த்து, இது வழுக்கிக்கொண்டு போகுதே என்று கவலைப்பட்டார்கள்.

ஐசத்துவுக்குப் பொறுப்பான அக்காவின் பெயர் பினெத்தா. பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். நேர்வழியில் அங்கே போனவரில்லை. அவரைக் கொலேஜ் முடிந்ததும் தொழில் லிசேக்கு, கைத்தொழில் பழக்குகிற மேல்பள்ளிக்கு, அனுப்பிவிட்டார்கள். அவருடைய அம்மா தனியே போய், ஆசிரியர் சொன்னதுக்கெல்லாம் ஓம் என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர். அங்கிருந்து ஏறி, இறங்கி, சுத்துப்பாதையால் இரண்டு மூன்று வருடத்தைத் தொலைத்துத்தான் பினெத்தா அக்கா தான் படிக்க நினைத்ததைத் தொட்டார். இதை அவர் அழுது சொன்னதே இல்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, மெத்ரோ தவறிப்போன கதை மாதிரிச் சொல்லுவார். நானும் அப்படித்தான் கேட்டேன்.

எங்கள் வீட்டில் இதற்கு வரவேற்பு இருக்கவில்லை. புறநகர் சார்செலில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற சித்தப்பா, “உவள் ஏன் கறுவல்களோட திரியிறாள்?” என்று கேட்பார். சித்தப்பாவின் நிறம் எப்படியென்றால், ஊரில் அவரைப் பெற்ற தாயே செல்லமாகக் ‘கறுவல்’ என்றுதான் கூப்பிடுவாவாம். அம்மா சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் சித்தப்பாவின் முகத்துக்கு நேரே அம்மா சிரிக்கவில்லை. “நான் சொன்னாக் கேக்கிறாளே” என்று மட்டும் சொன்னார். பிறகு என் கணக்குப் புள்ளி மெதுவாக மேலே வரத் தொடங்கியது. அம்மா மெழுகுதிரி கொளுத்தி அந்தோனியாருக்கு நன்றி சொன்னார். அந்தோனியார் பாவம், அவருக்கு அந்தச் சலோன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரிந்திராது.

கொலேஜ் கடைசி வருடம் வந்தது. அந்த வருடம் முடிகிறபோது ஆசிரியர்கள் கூடி, ஒவ்வொரு பிள்ளையும் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற பொது லிசேக்குப் போவதா தொழில் லிசேக்குப் போவதா என்று தீர்மானிப்பார்கள். தொழில் லிசே குறைந்தது என்று நான் சொல்லவில்லை, விரும்பிப் போனால் நல்ல இடம். ஐசத்து விரும்பவில்லை. அவளுக்குப் பாலங்கள் கட்டவேண்டும். மெத்ரோப் பாலத்துக்குக் கீழே நின்று, இந்தத் தூண் ஏன் இவ்வளவு மொத்தம், அந்தத் தூண் ஏன் மெல்லிசு என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் மறித்துக் கேட்கிறவள் அவள். அதுக்குப் பொது லிசேயில் கணக்கும் பௌதிகமும் வேண்டும். ஆசிரியர்களின் முடிவோ, தொழில் லிசே, வயது போனவர்களைப் பராமரிக்கிற பிரிவு என்று வந்தது. அவளுக்கு நல்ல மனம், ஆட்களோடு நல்லாக் கதைப்பாள், அது பொருத்தமாக இருக்கும் என்றார்களாம்.

அன்றைக்கு அவள் கதைக்கவில்லை. மாடிப்படியில் என் பக்கத்தில் இருந்தாள். ஐசத்துவை அப்படி ஊமையாக நான் பார்த்ததே இல்லை.

முடிவுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பெற்றோர் கொலேஜ் அதிபரைச் சந்தித்துப் பேசலாம். சந்திப்பு வியாழக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பினெத்தா அக்கா புதன்கிழமை வந்து கதிரையில் இருந்தார். புதுத் தலையோடு போகவேண்டும் என்று தாந்தி பிடிவாதம். ஐசத்துவின் மூன்று வருடப் புள்ளிகளையும் பினெத்தா அக்கா பாடமாக்கி வைத்திருந்தார். இடது பக்கம் பின்னி முடிந்து, வலது பக்கம் சூடுகாற்றில் இழுத்துவிட்ட மயிர் பெரிய மேகம்போல எழும்பி நின்ற நேரத்தில் ஐசத்துவின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அதிபருக்கு நாளைக்கு வேறு கூட்டமாம். இன்றைக்குப் பின்னேரமே வரட்டாம். இதை விட்டால் சந்திக்க வேறு நாள் இல்லையாம். இருந்தது ஒரு மணித்தியாலம்தான்.

சலோன் அப்படியே நின்றது. பிறகு எல்லோரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். ஒருவர் துணியால் தலையை மூடிக் கட்டுவோம் என்றார். பினெத்தா அக்கா மாட்டேன் என்றார். அந்த வாசலுக்குள்ளே தலையை மூடிக்கொண்டு போனால் பேச்சு துணியைப் பற்றிப் போய்விடும், அரைத் தலையோடு போனால் பேச்சு தலையைப் பற்றிப் போய்விடும், எனக்கு ஐசத்துவைப் பற்றி மட்டும்தான் கதைக்கவேண்டும் என்றார். தாந்தியும் இன்னொருவரும் வலது பக்கத்தில் முன்னும் பின்னும் நின்று விரல் தெரியாத வேகத்தில் பின்னினார்கள். ஆனாலும் அது நடக்கிற காரியமில்லை என்று பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஐசத்து மூலையில் நின்று நகத்தைக் கடித்தாள். வெளியே மெத்ரோ போனது. கண்ணாடியில் எல்லோரும் கலங்கினோம். இந்த முறை தெளிய நேரமெடுத்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்துகொண்டு என் அம்மா வந்தார். ஒரு கையில் தமிழ்க்கடைப் பை, பைக்குள்ளிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்த்தது. என்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போக வந்தவர். அதுவரை அம்மா அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை. ஏசத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அங்கே நின்றவர்களின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

“என்னடி, ஆருக்கு என்ன நடந்தது?”

நான் தமிழில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, பினெத்தா அக்காவின் தலையையே பார்த்தார். “ஐயோ, இந்தக் கோலத்தில போனா அந்தாள் மதிக்குமே?” என்றார். பையைக் கீழே வைத்தார். “தள்ளு பிள்ளை.”

அம்மா வீட்டில் மூத்தவர். பள்ளிக்கூடம் போக முதல் நாலு தங்கச்சிமாருக்கும் தலை இழுத்துப் பின்னிவிட்டு ஓடினவர். அந்தக் கைக்கு நித்திரையிலும் பின்னத் தெரியும். ஆனால் தெரிந்தது ஒரே ஒரு பின்னல்தான். சீப்பை வைத்தார், சீப்பு அரைவழியில் சிக்கி நின்றது. அம்மா அசரவில்லை. பைக்குள்ளிருந்து அப்போது வாங்கின தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, உள்ளங்கை நிறைய ஊற்றினார். தாந்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கடவுளே, இந்தப் பெண் தலையைப் பொரிக்கப் போகிறாள் என்று கத்தினார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

வலது பக்கத்து மயிரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பினெத்தா அக்காவின் புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இறுக்கி இழுத்து, மொத்தமாக ஒரு ஒற்றைப் பின்னல். முனை அவிழாமல் மேலே மடித்து, என் தலையிலிருந்த கறுப்பு றப்பரைக் கழற்றிக் கட்டிவிட்டார். இடது பக்கம் மாலிப் பின்னல் வரிவரியாக, வலது பக்கம் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பின்னல் எண்ணெய் மினுங்க. பினெத்தா அக்கா கண்ணாடியைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர், இழுவையால் வந்ததாகத்தான் இருக்கவேண்டும். பிறகு தாந்திதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். ஐசத்துகூட.

“மெர்சி, மடம்” என்று பினெத்தா அக்கா எழும்பினார். அம்மாவும் பையைத் தூக்கினார்.

“நீங்கள் எங்கை?” என்று கேட்டேன்.

“வழியில அவிண்டா ஆர் கட்டுறது?” என்றார் அம்மா. தமிழ் வகுப்பை அவர் மறந்தே போனார்.

அப்படித்தான் நாங்கள் ஊர்வலம் போனோம். முன்னால் பினெத்தா அக்கா நிமிர்ந்த தலையோடு. பக்கத்தில் ஐசத்து. பின்னால் சீப்பும் முருங்கைக்காயுமாக அம்மா. அம்மாவின் பின்னால் நான். ஆனி மாத வெயில் சாலையில் பால் மாதிரிக் கிடந்தது. பழக்கடைக்காரர், சாறிக்கடைக்காரர், தொலைபேசிக் கடை வாசலில் நின்ற அண்ணைமார் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நடக்கிற மாதிரியே இருக்கவில்லை, யாரோ எங்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கொலேஜ் வாசலில் ஐசத்துவின் அம்மா வேலை உடுப்போடு காத்துக்கொண்டு நின்றார். பின்னலைப் பார்த்துவிட்டு என் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஐசத்துவும் அவள் அம்மாவும் பினெத்தா அக்காவும் அதிபரின் அறைக்குள் போனார்கள். அம்மாவும் நானும் வெளியே வாங்கில் இருந்தோம். கதவுக்குப் பின்னால் பினெத்தா அக்காவின் குரல் ஒரே சீராகக் கேட்டது. புள்ளிகளைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. கணக்கு, பௌதிகம், திரும்பக் கணக்கு. சலோனில் எங்களுக்குச் சொல்லித்தருகிற அதே குரல், அவசரமே இல்லை. அம்மா வாய்க்குள் செபம் சொல்லத் தொடங்கினார். நான் கண்ணை மூடினேன். யார் யாருக்காகச் செபிக்கிறார் என்று யோசித்துக்கொண்டே கொஞ்சம் நித்திரையும் ஆனேன் போலிருக்கிறது.

கதவு திறந்தது. ஐசத்துவைப் பார்த்தேன், விளங்கிவிட்டது. அவள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பொது லிசே. அதிபர் முடிவை மாற்றிவிட்டார். அவளுடைய அம்மா சுவரில் சாய்ந்து நின்று இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். பினெத்தா அக்கா என் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார்.

பின்னால் வந்த அதிபர் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து கிட்ட வந்தார். கெட்ட மனிதரில்லை, எப்போதும் மரியாதையாகத்தான் கதைப்பார். அம்மாவுக்குக் கை கொடுத்து, உங்களுடைய மகளைப் பற்றி எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை மடம், அமைதியான பிள்ளை, உங்களுடைய ஆட்கள் படிப்பில் கவனம் என்று எங்களுக்குத் தெரியும் என்றார். நான் பெருமையோடு ஒரு சொல்லும் விடாமல் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா மெர்சி என்றார்.

ஐசத்து குடும்பம் நேரே தாந்தியிடம் போனது. அம்மாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். கொஞ்சத் தூரத்தில் அம்மா நடையைக் குறைத்தார். பிறகு கேட்டார்.

“ஐசத்துக்குச் சராசரி எத்தினை?”

“இருபதுக்குப் பதினாலு கிட்ட.”

“உனக்கு?”

“பதினொண்டு.”

“உன்னை எங்கை போடுறதெண்டு எழுதினவை?”

“பொது லிசேக்குத்தான்.”

“முதல்லயேவோ? ஒருத்தரும் போய்க் கேக்காமலோ?”

“ஓம்.”

அம்மா நடைபாதையில் நின்றுவிட்டார். சனம் இரண்டு பக்கமும் விலகிப் போனது. இந்தா வருகுது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளுக்குப் பதினாலு, உனக்குப் பதினொண்டோ என்று சந்தி முழுக்கக் கேட்க ஏசப்போகிறார். எனக்கும் சாட்டுகள் தயாராக இருந்தன. மொழி கஷ்டம், ஆசிரியைக்கு என்னைப் பிடிக்காது, சோதனை நாளன்று தலையிடி. அம்மா ஏசவில்லை. வந்த வழியைத் திரும்பி, கொலேஜ் இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, “நட” என்றார்.

அப்பாடா, தப்பினேன் என்று நினைத்தேன். பதினொன்றுக்கு ஏச்சு விழாத ஒரே நாள் அது. சந்தோசத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் துள்ளித் துள்ளிப் போனேன். எனக்காக ஒருவரும் அந்த அறைக்குள் போகவேண்டி வரவில்லை, ஏன் என்று ஒரு கேள்வி எனக்கு வரவில்லை. அம்மா எவ்வளவோ பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார். பை பாரம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.